சொல் ஒன்று, படம் வேறொன்று: பின்நவீனத்துவப் படப்புத்தகங்களை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளுக்கான படப்புத்தகம் என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரே அமைப்புதான்: கீழே இரண்டு வரிக் கதை, மேலே அந்த வரிகளில் உள்ளதையே வரைந்து காட்டும் ஒரு படம். பாடநூல்களும் சிறுவர் இதழ்களும் நம் கண்ணை அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து பெருகிய, கதை சொல்லும் வழக்கமான முறைகளை வேண்டுமென்றே கலைத்து விளையாடும் பின்நவீனத்துவப் படப்புத்தகங்களைத் திறப்பவர், முதல் சில பக்கங்களிலேயே தடுமாறிப்போகிறார். சொற்கள் ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டுகிறது. கதாபாத்திரம் கதையை விட்டே வெளியேறுகிறது. ஒரே பக்கத்தில் நான்கு கதைகள் ஓடுகின்றன. அந்தத் தடுமாற்றத்தில் குற்றம் ஏதுமில்லை. அதை அவசரமாகச் சரிசெய்ய முனையும்போதுதான் தவறுகள் நேர்கின்றன. சொல்லுக்கும் படத்துக்கும் நடுவே ஆசிரியர் வேண்டுமென்றே விட்டுவைத்த இடைவெளியில்தான் இப்புத்தகங்களின் கதை நடக்கிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியை ஏதோ ஒரு வகையில் அடைத்துவிடுபவை.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, படத்தைச் சொல்லின் எடுபிடியாக நினைப்பது. இதை விளங்கிக்கொள்ள, பின்நவீனத்துவத்துக்கு முன்பே வந்த ஒரு புத்தகத்திலிருந்து தொடங்குவது நல்லது. பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோஸீஸ் வாக்’ புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள். எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியம். ரோஸி என்ற கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல்போர் மேல் ஏறி, இப்படியே ஓர் உலா போய்விட்டுச் சாப்பாட்டு வேளைக்கு வீடு திரும்புகிறது என்பதற்கு மேல் சொற்களில் எதுவும் இல்லை. படங்களிலோ தொடக்கம் முதலே ஒரு நரி கோழியைப் பின்தொடர்கிறது. வாருகோலை (rake) மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது, குளத்தில் விழுகிறது, வைக்கோலுக்குள் புதைகிறது, மாவு கொட்டி வெளுக்கிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் ஓரிடத்திலும் வருவதில்லை. இதைக் குழந்தைக்கு வாசித்துக் காட்டும் பெரியவர், எழுத்தில் ஏதோ விட்டுப்போனதாக எண்ணிக்கொண்டு, “பின்னாடி பார், நரி வருது!” என்று தாமே சேர்த்துச் சொல்லிவிடுகிறார். அந்த நொடியில், கோழிக்கும் கதைசொல்லிக்கும் தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரியும் என்ற குழந்தையின் பெருமிதம் பறிபோகிறது. (மொழிபெயர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடந்து, சுற்றி, ஏறி என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் நம் வாக்கிய அமைப்பு, பக்கம் பக்கமாக நீளும் இந்த ஒற்றை வாக்கியத்துக்கு வெகு இயல்பாகப் பொருந்துகிறது. நரியைச் சேர்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.)

ஹட்சின்ஸ் புத்தகத்தில் சொல் படத்தைக் கண்டுகொள்ளாமல் போகிறது என்றால், டேவிட் வீஸ்னரின் ‘த த்ரீ பிக்ஸ்’ புத்தகத்தில் சொல்லும் படமும் நேருக்கு நேர் மோதுகின்றன. 2001இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் சிறந்த படப்புத்தக ஓவியத்துக்கு ஆண்டுதோறும் தரப்படும் கால்டிகாட் பதக்கம் பெற்ற புத்தகம் இது. ஓநாய் வைக்கோல் வீட்டை ஊதித் தள்ளுவது வரை எல்லாம் நாம் அறிந்த பழைய கதைதான். ஆனால் ஓநாய் விட்ட மூச்சில் பன்றிக்குட்டி படச் சட்டகத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய் விழுகிறது. தான் கதைக்கு வெளியே வந்துவிட்டதாக வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறது. அடுத்த கட்டத்தில் சொற்கள் எதுவுமே நடக்காததுபோல, ஓநாய் பன்றியைத் தின்றுவிட்டது என்கின்றன. படத்தில் ஓநாய் இரையைக் காணாமல் திகைத்து நிற்கிறது. இன்னும் நெருங்கிப் பார்த்தால் பன்றியின் உடம்பே மாறியிருப்பது தெரியும்: சட்டகத்துக்குள் இருக்கும் பகுதி பழைய கதைப்புத்தகப் பாணியில் கோடும் தட்டையான வண்ணமுமாக இருக்க, வெளியே வந்த பகுதி நிழலும் மயிர்க்கால்களும் தெரியும் உயிருள்ள பன்றியாகிறது. பிறகு பன்றிகள் கதையின் ஒரு பக்கத்தையே மடித்துக் காகித விமானமாக்கிப் பறக்கின்றன.

இந்த இடத்தில் அச்சுப்பிழை என்றோ, ஓவியர் எழுத்தைக் கவனிக்காமல் வரைந்துவிட்டார் என்றோ நினைப்பது ஒரு தவறு. சொற்கள் பொய், படமே உண்மை என்று சட்டென்று தீர்ப்பு எழுதிவிடுவது அதைவிட நுட்பமான தவறு. சொற்கள் பொய் சொல்லவில்லை. மூன்று பன்றிகளின் கதை தலைமுறை தலைமுறையாக எப்படிச் சொல்லப்பட்டதோ அதைத்தான் அவை விசுவாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பன்றி தப்பித்ததன் மகிழ்ச்சியை நாம் உணர வேண்டுமென்றால், அது எதிலிருந்து தப்பியது என்பதைச் சொல்ல அந்தப் பழைய வரி அங்கே இருந்தாக வேண்டும். முடிவில் பன்றிகள் அந்த வரிகளின் எழுத்துகளையே பொறுக்கிக் கொண்டுபோய்ச் சூப்பில் போடும்போது, சொல்லும் இக்கதையில் கையால் தொடக்கூடிய ஒரு பொருளாகிவிடுகிறது.

படம்தான் உண்மை என்ற நம்பிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதை அந்தோணி பிரவுனின் ‘வாய்சஸ் இன் த பார்க்’ (1998) நன்றாகக் காட்டுகிறது. பூங்காவுக்குப் போய் வந்த ஒரே நிகழ்வை நான்கு பேர் தனித்தனியே சொல்கிறார்கள்: வசதியான வீட்டுத் தாய், வேலை தேடும் தந்தை, தாயின் மகன் சார்லஸ், தந்தையின் மகள் ஸ்மட்ஜ். நால்வரும் கொரில்லா உருவத்தில் வரையப்பட்டிருக்கிறார்கள். தாயின் பகுதியில், பேசாமல் வீடு திரும்பினோம் என்ற அடக்கமான வரிக்குப் பக்கத்தில் ஒரு மரம் தீப்பற்றி எரிகிறது. அந்தத் தீயைப் பூங்காவில் நடந்த விபத்தாக எடுத்துக்கொண்டால் கதை புரியாது. வாய் திறந்து சொல்லாத கோபம் அது. சார்லஸின் பகுதியில் மேகம், மரம், விளக்குக் கம்பம் எல்லாம் அம்மாவின் தொப்பி வடிவம் கொள்கின்றன. அம்மா தன்னை எப்படிச் சூழ்ந்திருக்கிறாள் என்று அந்தச் சிறுவன் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அவனும் ஸ்மட்ஜும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் படத்தில் விளக்குக் கம்பம் வானத்தை இரண்டாகப் பிரிக்கிறது: அவன் பக்கம் மங்கல், அவள் பக்கம் வெளிச்சம். தந்தை பூங்காவுக்குப் போகும் வழியில் சுவரோரம் சாய்த்து வைத்த ஓவியங்களில் மோனாலிசா கண்ணீர் விடுகிறாள். மகள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வர, திரும்பும் வழியில் அதே தெருவில் நடனம் நடக்கிறது.

இங்கே படங்கள் யாருக்கும் பொதுவான உலகத்தைக் காட்டவில்லை. ஒவ்வொன்றும் பேசுபவரின் கண்வழியாக, அவர் மனநிலையின் நிறத்தோடு வருகிறது. எனவே “நடந்தது என்ன” என்று நான்கையும் கூட்டிக் கழித்து ஒரு சாட்சியறிக்கை தயாரிப்பதில் பயனில்லை. சொல்லில் இந்த மனிதர் எதை மறைத்தார், படம் அதை எங்கே கசியவிட்டது என்று பக்கத்துக்குப் பக்கம் தேட வேண்டும். நான் இந்தப் புத்தகத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணமே இதுதான்.

கல்வித்துறையில் இருப்பவர்களிடம் வேறொரு பழக்கம் உண்டு. ஆய்வாளர்கள் மரியா நிகோலயேவாவும் கரோல் ஸ்காட்டும் 2001இல் வெளியிட்ட நூலில், சொல்லும் படமும் ஒன்றையே சொல்வது, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவது, ஒன்று மற்றொன்றை விரிப்பது, இரண்டும் முரண்படுவது என்ற வகையில் உறவுகளைப் பகுத்தார்கள். மிகவும் பயனுள்ள பகுப்பு. ஆனால் கல்வித்துறையினர் பலர் இதைக் கொண்டு ஒரு புத்தகம் முழுவதன்மீதும் ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறார்கள். வீஸ்னரின் முதல் பக்கத்தில் சொல்லும் படமும் கைகோத்து நடக்கின்றன. சில பக்கங்களில் மோதுகின்றன. இடையில் சொல்லே இல்லாத வெள்ளை வெளியில் விமானம் மட்டும் பறக்கிறது. உறவு மாறும் இடம் எது என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பகுப்பு உதவும்.

டேவிட் மெக்காலேயின் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ 1990இல் வெளியாகி 1991ஆம் ஆண்டின் கால்டிகாட் பதக்கத்தைப் பெற்றது. எதிரெதிரான இரு பக்கங்கள் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தனித் தலைப்புடன் ஒரு கதை ஓடுகிறது: ரயிலில் தனியே போகும் சிறுவன், வினோதமாக நடந்துகொள்ளும் பெற்றோர், தாமதமான ரயிலுக்காக நடைமேடையில் காத்திருப்பவர்கள், தப்பியோடிய பசுக்கள். நடைமேடையில் கிழிபடும் செய்தித்தாள் வேறொரு கட்டத்தில் பனியாகப் பொழிகிறது. ரயிலை மறிக்கும் பாறைகள் என்று சிறுவனுக்குத் தோன்றுபவை பசுக்களாக இருக்கலாம். இவை நான்கு கதைகளா, ஒரே கதையா என்ற விடையைக் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்துவிடுவது இங்கே நேரும் தவறு. ஒரு கட்டத்தை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு அடுத்ததற்கு வருவதும் பாதி வாசிப்புதான். நான்கையும் ஒருசேரப் பார்க்கும் கண்ணுக்குத்தான் கட்டம்விட்டுக் கட்டம் தாவும் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் புலப்படும்.

இந்தப் புத்தகத்தில் பலர் தவறவிடுவது தலைப்புப் பக்கத்தை. இது பல கதைகளாகவும் இருக்கலாம், ஒரே கதையாகவும் இருக்கலாம்; சொல், படம் இரண்டையும் கவனமாகப் பாருங்கள் என்ற பொருளில் மெக்காலே ஓர் எச்சரிக்கையை அங்கேயே வைத்திருக்கிறார். முதல் வரியிலிருந்துதான் கதை தொடங்கும் என்று அட்டையையும் உள்தாளையும் தலைப்புப் பக்கத்தையும் புரட்டித் தள்ளுபவர் அதைப் பார்ப்பதே இல்லை. எழுத்துருவின் கதையும் இதுதான். பிரவுன் நான்கு குரல்களுக்கும் நான்கு எழுத்துருக்களைத் தந்திருக்கிறார்: தாய்க்கு மிடுக்கானது, தந்தைக்குத் தடித்தது, சார்லஸுக்கு மெலிந்து வெளிறியது, ஸ்மட்ஜுக்குத் துள்ளும் கையெழுத்துப் போன்றது. இத்தகைய புத்தகத்தைத் தமிழில் கொண்டுவரும்போது கணினியில் கைக்குக் கிடைத்த ஒரே தமிழ் எழுத்துருவில் அனைத்தையும் கோத்துவிட்டால், மொழிபெயர்ப்பு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் குரல்கள் நான்கும் ஒன்றாகிவிடும். வகுப்பறைத் திரையில் ஒவ்வொரு பக்கமாக வெட்டிக் காட்டுவதும் இதே போன்ற சேதத்தைச் செய்கிறது. இரட்டைப் பக்கத்தை ஒரே பார்வையில் காண வேண்டும் என்று எண்ணி வரைந்தவரின் உழைப்பு அங்கே பாதியாகிறது.

இவையெல்லாம் குழந்தைகளுக்குப் புரியாது என்ற எண்ணம் பெரியவர்களுடையது. ஈவ்லின் அரிஸ்பேயும் மோராக் ஸ்டைல்ஸும் 4 முதல் 11 வயது வரையான குழந்தைகள் படப்புத்தகங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நெருங்கி ஆராய்ந்து 2003இல் நூலாக்கினார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் குழந்தைகள்கூடப் படத்தின் நுண்விவரங்களை வெகு கூர்மையாகக் கண்டுகொள்வதை அது காட்டுகிறது. ஆனால் அந்தக் கண்ணுக்கு நேரம் தேவை. வரியை வாசித்து முடித்த கையோடு பக்கத்தைத் திருப்புபவர் குழந்தையின் கண்ணை இடைமறித்துவிடுகிறார். வாசித்த பிறகு வாய்மூடிச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும்; குழந்தை விரலை நீட்டினால் விரல் போகும் இடத்துக்குப் போக வேண்டும்.

புத்தகத்தை மூடியவுடன் “இந்தக் கதை என்ன நீதி சொல்கிறது?” என்று கேட்பதையும் தவிர்க்கலாம். பிரவுனின் புத்தகம் ஸ்மட்ஜின் குரலில் முடிகிறது. சார்லஸ் பறித்துக் கொடுத்த பூவை வீட்டுக்குப் போய்த் தண்ணீரில் வைத்துவிட்டு, அப்பாவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்ததாகச் சொல்கிறாள். அவ்வளவுதான் சொற்கள். படத்தில் ஒரு கோப்பை, அதில் அந்தப் பூ. அந்தப் பக்கத்தில் குழந்தை எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம் நிற்கட்டும்.