திருமலையில் சைனீஸ் சாப்பிட: போர்டைப் பார்க்காமல் தாச்சியைப் பாருங்கள்

ஹொட் பட்டர் கணவாயைச் சீனாவில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். பொரித்து உறைப்பாகப் பிரட்டும் டெவல் கோழியும் அப்படித்தான். இரண்டும் இலங்கைச் சமையலறைகளில் உருவானவை. ஆகவே திருகோணமலையில் 'அசல் சைனீஸ்' தேடி அலைவது வீண்வேலை. பிரைட் ரைஸ், நூடில்ஸ், சொப்சி (மரக்கறி போட்ட கெட்டிக் குழம்பு), கங்குன் (கீரைப் பிரட்டல்), ஒரு டெவல் என்று ஐந்தையும் ஒழுங்காகப் போடுகிற கடை கிடைத்தால் போதும். பெயரை நம்பிச் சீனக்குடாவுக்கு ஓட்டோ பிடித்துவிடாதீர்கள். அங்கே பேர்போனவை எண்ணெய்த் தாங்கிகளும் விமானப்படைத் தளமும்தான்.

தேட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று டவுன்: பஸ் நிலையத்தைச் சுற்றி, பிரதான வீதி, வடகரை வீதி, டொக்யாட் வீதிப் பக்கம். மற்றது உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்கள். கடற்கரைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை களைகட்டும். மாரி தொடங்கினால் சில இடங்கள் மெனுவைப் பாதியாக்கும், சில பூட்டியே கிடக்கும். நவம்பர், டிசம்பரில் நிலாவெளிக்கு வெளிக்கிடுவதென்றால் முதலில் போன் பண்ணுங்கள்.

கடையைத் தெரிவது எப்படி? சமையலறை தெரிகிற கடையாக இருந்தால் இரண்டு நிமிஷம் நின்று அடுப்பைப் பாருங்கள். தாச்சிக்கு, அதாவது வாணலிக்கு, கீழே நெருப்பு இரைய வேண்டும். வீட்டு காஸ் அடுப்பளவு நெருப்பில் பிரைட் ரைஸ் வராது, பிரட்டின சோறுதான் வரும். அடுத்து, ஒரு தடவைக்கு எவ்வளவு கொட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒன்றிரண்டு பிளேட் அளவு போட்டால் சோறு துள்ளும். பத்துப் பார்சலுக்கு ஒரேயடியாகக் கொட்டினால் சூடு இறங்கி, கோவாவும் லீக்ஸும் தண்ணி விட்டு, எல்லாம் அவிந்துபோகும். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு நல்ல கடையிலும் இதுதான் நடக்கும். ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

மத்தியானம் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டி அடுக்கிய பிரைட் ரைஸ் பார்சலை வைத்து எந்தக் கடையையும் மதிப்பிடாதீர்கள். அது காலையில் மொத்தமாகச் செய்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் பூட்டியிருக்கும். போயா (பௌர்ணமி) நாளில் மதுபானம் எங்கும் விற்கமாட்டார்கள். அதை நம்பி நடக்கிற இடங்கள் அன்று திறக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுக்கடையில் முதல் தடவை முட்டை பிரைட் ரைஸ் ஒன்று மட்டும் எடுத்துப் பாருங்கள். நல்லதென்றால் பருக்கை பருக்கையாகப் பிரியும், நிறம் வெளிறியிருக்கும், முட்டை சிறு துண்டுகளாகத் தெரியும். கட்டிபட்டிருந்தால் சூட்டுச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள்; வடித்து ஆறவைத்த சோறுதான் தாச்சிக்குச் சரி. மண்ணிறமாக இருந்தால் சோயா சோஸைக் கொட்டிப் பிழையை மூடியிருக்கிறார்கள். பிளேட்டின் அடியில் எண்ணெய் தேங்கினால் நெருப்புப் போதாது.

நாலு பேர் போனால் சோறு ஒன்று, நூடில்ஸ் ஒன்று, உலர்ந்த கறி ஒன்று, குழம்பு விட்டது ஒன்று, கங்குன் ஒன்று. டெவலும் ஹொட் பட்டரும் ஒன்றாகக் கேட்டால் மேசை முழுக்கப் பொரியல்தான், சோற்றுக்கு விட ஒன்றும் இராது. அந்த இடத்துக்குத்தான் சொப்சி. மீடியம் பிளேட் எத்தனை பேருக்குக் காணும் என்பது கடைக்குக் கடை மாறும், வாய்விட்டுக் கேளுங்கள்.

ஹொட் பட்டர் கணவாய்தான் ஒரு கடையின் உண்மையான பரீட்சை. கீலமாக வெட்டிய கணவாயைக் கோன்ஃபிளவர் மாவில் தோய்த்து, கொதி எண்ணெயில் ஒன்றரை, இரண்டு நிமிஷம் பொரித்து, பிறகு பட்டர், உள்ளி, இடித்த செத்தல், வெங்காயத்தாளோடு ஒரு பிரட்டு. அதற்குமேல் எண்ணெயில் கிடந்தால் றப்பர். வந்ததும் ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள்: மாப்படை மெல்லிசாகவும் உள்ளே கணவாய் வெள்ளையாகவும் இருக்கவேண்டும். மா தடித்து உள்ளே நூலளவு கணவாய் கிடந்தால் நீங்கள் காசு கொடுத்தது மாவுக்கு. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கணவாயும் இறாலும் பெரும்பாலும் ஐஸ்பெட்டிச் சரக்குத்தான். அப்போது கோழியோடு நிற்பது புத்தி.

சைவக்காரருக்கு 'வெஜிடபிள்' என்ற சொல் போதாது. கங்குனில் ஒய்ஸ்டர் சோஸ் விழும், சொப்சியில் சிக்கன் கியூப் கரையும். சஷ்டியோ வெள்ளியோ, இப்படியே சொல்லுங்கள்: "தம்பி, முட்டை போடவேணாம், ஒய்ஸ்டர் சோஸும் கியூபும் வேணாம், தாச்சியக் கழுவிட்டுச் செய்யச் சொல்லுங்க." முகம் சுளித்தால் வேறு கடை. ஹலால் பார்ப்பவர்கள் ஹோட்டல்களில் பன்றி இறைச்சியோடு சமையல் வைனைப் பற்றியும் கேட்கவேண்டும்.

ஹோட்டல் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 10 வீத சேவைக் கட்டணமும், பதிவுள்ள இடமென்றால் 18 வீத வற் வரியும் மேலே ஏறினால் பில் எதிர்பார்த்ததை விடக் கால்பங்குக்கு மேல் கூடும்.

பார்சல் என்றால் ஹொட் பட்டரை மறந்துவிடுங்கள். மூடின பெட்டிக்குள் ஆவி பட்டுப் பத்து நிமிஷத்தில் சவண்டுபோகும். கட்டாயம் வேண்டுமென்றால் மூடியைத் திறந்தபடி கொண்டுபோங்கள். சோற்றையும் குழம்பையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். திருமலை வெக்கையில் பிரைட் ரைஸை இரண்டு மணித்தியாலத்துக்குமேல் வெளியில் வைக்கக்கூடாது. ஆறின சோற்றில் பெருகும் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மிச்சச் சொப்சி அடுத்தநாள் தண்ணியாக நின்றால் பயப்பட வேண்டாம். எச்சில் கரண்டி பட்டால் கோன்ஃபிளவர் இளகிவிடும், அவ்வளவுதான். எடுத்து வைப்பதைச் சாப்பிட முன்பே வேறாக்கிவிடுங்கள்.

டவுன் கடற்கரையில் விரித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: பொழுதுபட்டால் மான்கள் கிட்ட வந்து நிற்கும், கொஞ்சமும் கூச்சமில்லை. சில்லி பேஸ்ட் பட்ட சோற்றைப் போடாதீர்கள். லன்ச் ஷீட்டையும் அதுகள் சேர்த்தே விழுங்கும், ஆகவே அதைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோங்கள்.