நாற்பது வயதில் மீண்டும் பட்டப்படிப்பு: சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணம், வேலை, குடும்பக் கடன் என்று ஏதோ ஒரு காரணத்தால் பாதியில் நின்றுபோன படிப்பை நாற்பது வயதில் தொடர விரும்புகிறவருக்கு இன்று வழிகள் பல இருக்கின்றன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தொடங்கப்பட்டன. முறையான அனுமதியோடு நடத்தப்படும் தொலைநிலைப் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. 2022 முதல் ஒரே காலத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் படிக்கவும் அனுமதி உண்டு. சேர்வது இவ்வளவு எளிதாகிவிட்ட நிலையில், வாங்கப்போகும் பட்டத்தை யாரிடம், எதற்காகக் காட்டப்போகிறோம் என்று கேட்டுக்கொள்ளாமலே பலர் பணம் கட்டிவிடுகிறார்கள்.

இந்தத் தவறுகளில் மிகுந்த இழப்பைத் தருவது படிப்பின் வரிசையைத் தவறவிடுவது. பள்ளியை முடிக்காதவர்களுக்கென்று திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் ஆயத்தப் படிப்பு ஒன்று உண்டு. அதில் தேறினால் பிளஸ் டூ இல்லாமலே இளங்கலையில் சேரலாம். அறிவுக்காகப் படிப்பவருக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தமிழக அரசுப் பணியிலோ பதவி உயர்விலோ பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இளங்கலை படிக்காமல் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் 2009இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்பில் எம்.ஏ. பட்டத்தை நீட்டியவரிடம் அலுவலர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "பிளஸ் டூ மார்க் ஷீட் எங்கே?" என்று கேட்கும்போதுதான் பலருக்கு இந்த வரிசை நினைவுக்கு வருகிறது. அரசு வேலை பற்றிய எண்ணம் சிறிதளவு இருந்தாலும், முதலில் தனித்தேர்வராக பிளஸ் டூவை எழுதி முடித்துவிடுவது நல்லது. ஓரிரு ஆண்டு தாமதமானாலும் பாதகமில்லை.

பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பதற்காக அதன் எல்லாப் படிப்புகளையும் நம்பிவிடுவதும் தவறே. பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றில் தொலைநிலைப் பட்டத்துக்கு இடமில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2001–2005 ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் தனித் தேர்வு எழுதித் தம் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தது. பின்னர் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்த ஆண்டில் நடத்தலாம் என்ற பட்டியலை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் தன் தளத்தில் வெளியிடுகிறது. சேரும் ஆண்டுக்கான பட்டியலை அங்கே பார்த்துவிட்டு, கட்டணத்தை இடைத்தரகரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாமல் நேரே பல்கலைக்கழகத்துக்கே கட்ட வேண்டும்.

அடுத்தது, நேரத்தைக் கணக்கிடாமல் சேர்வது. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஓர் ஆண்டில் இத்தகைய எட்டுப் பாடங்களை எடுத்தால் 960 மணி நேரம், அதாவது தீபாவளி, பொங்கல் உட்பட நாள்தோறும் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். மாலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து திரும்பிச் சமையலையும் முடிக்க வேண்டிய ஒருவரால் இது ஆகுமா என்பதைச் சேருமுன்னே யோசிக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை நீட்டிப் படிக்கலாம் என்ற சலுகை இவர்களுக்காகவே இருக்கிறது. அதைத் தோல்வியின் அடையாளமாகக் கருதுவதால்தான் அரியர் குவிகிறது. இங்கே கல்லூரி போல யாரும் நினைவூட்டுவதில்லை. ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) உரிய நாளுக்குள் கொடுப்பது, தேர்வுப் படிவத்தைத் தனியாக நிரப்புவது, அடுத்த ஆண்டுக்கு மறுபதிவு செய்வது என ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கெடு உண்டு. ஆண்டுக் கட்டணம் கட்டிவிட்டோம், ஹால் டிக்கெட் தானாக வரும் என்று காத்திருந்து, ஒரு வரி கூடத் தவறாகப் படிக்காமலே அரையாண்டை இழந்தவர்களைப் படிப்பு மையங்களில் ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கலாம்.

தேறிய பாடங்களின் கிரெடிட்டுகளை மாணவர் பெயரில் இணையத்தில் சேர்த்துவைக்கும், 2021இல் வந்த கிரெடிட் வங்கியைப் பற்றியும் தவறான புரிதல் பரவியிருக்கிறது. பெயர் வங்கி என்றாலும், சேர்த்ததை விரும்பிய இடத்தில் எடுத்துச் செலவழிக்க முடியாது. மாறிச் செல்லும் பல்கலைக்கழகம் அந்தப் பாடங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். கிரெடிட்டுகளுக்கும் பொதுவாக ஏழாண்டு ஆயுள்தான். தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் இடைவிலகல் வசதியின்படி ஓராண்டில் கிடைப்பது சான்றிதழ், இரண்டாண்டில் கிடைப்பது பட்டயம். பட்டம் கேட்கும் வேலைக்கு இவை இரண்டும் போதா. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பாடங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: வீடியோவை இலவசமாகப் பார்ப்பதால் மட்டும் கிரெடிட் வராது, கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும், உங்கள் பல்கலைக்கழகமும் அந்தப் பாடத்தை முன்னதாக ஏற்றிருக்க வேண்டும்.

பழியெல்லாம் மாணவர் மேல் போடுவதும் நியாயமன்று. சீர்திருத்தம் என்ற பெயரில் பல்கலைக்கழகங்கள் வாசலை அகலமாக்கினவே தவிர, உள்ளே இருக்கும் ஏற்பாடு பதினெட்டு வயதுக்காரருக்கு உரியதாகவே பெரும்பாலும் நீடிக்கிறது. இருபது ஆண்டுகளாக ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்கை எழுதிவருபவர் பி.காம். சேர்ந்தாலும், பற்று எது வரவு எது என்ற முதல் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் கைப்பழக்கத்துக்குப் பொதுவாக ஒரு கிரெடிட் கூடக் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பின் கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கரும்பலகையில் பேரேடு தவறாகக் கூட்டப்படுவதை முதலில் கவனிப்பவரும் அவராகத்தான் இருப்பார்.