வேர்ட் கடிதத்தில் உங்கள் சொந்தக் கையொப்பம்: கடதாசியில் தொடங்கி பிடிஎஃப் வரை

திருகோணமலையில் இப்போது எத்தனையோ கடிதங்கள் இமெயிலில்தான் போகின்றன. நிலாவெளி ஹோட்டலுக்கு வேலை விண்ணப்பம், வலயக் கல்விப் பணிமனைக்கு விடுமுறைக் கடிதம், பிரதேச செயலகத்துக்குச் சங்கத்தின் கோரிக்கை எல்லாவற்றையும் வேர்டில் டைப் செய்து முடித்துவிடலாம். கையொப்பம் என்று வரும்போதுதான் அலைச்சல் தொடங்கும். பென்ட்ரைவோடு கடைக்குப் போய், பிரின்ட் எடுத்து, ஒப்பமிட்டு, அதைத் திரும்ப ஸ்கேன் பண்ணி அனுப்ப வேண்டும். குச்சவெளியிலோ வெருகலிலோ இருப்பவருக்கு இதற்கே அரை நாள் போய்விடும். கையொப்பத்தை ஒருமுறை ஒழுங்காகப் படமெடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த கடிதத்திலிருந்து இந்த அலைச்சல் இல்லை.

கடிதத்தில் கையொப்பம் மங்கலாக, சாம்பல் நிறப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வேர்ட் காரணமில்லை. முக்கால்வாசி வேலை கடதாசியிலும் வெளிச்சத்திலும் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கடதாசியும் பேனையும்

கோடு போட்ட கொப்பித் தாள் வேண்டாம். அந்த நீலக் கோடுகளைப் பிறகு அழிப்பது பெரும்பாடு. போட்டோகொப்பிக்குப் பாவிக்கும் வெள்ளை ஏ4 தாள் ஒன்றை எடுத்து, அதன் கீழே இன்னும் நாலைந்து தாள்களை அடுக்குங்கள். மேசையின் நிறம் ஊடே தெரியாது, பேனையும் அமுங்கி ஓடும். சாதாரண போல்பொயின்ட் பேனையின் கோடு இடையிடையே வெளிறும். 0.7 மி.மீ. ஜெல் பேனை என்றால் கோடு ஒரே கனத்தில் வரும். நிறத்தில் என் விருப்பம் கடும் நீலம். கறுப்பு எழுத்துகளுக்குக் கீழே அது தனியாகத் தெரியும். ஆனால் அந்தக் கடிதத்தைக் கறுப்பு வெள்ளையில் கொப்பி எடுத்துக் கோப்பில் போடுவார்கள் என்று தெரிந்தால் கறுப்பிலேயே ஒப்பமிடுங்கள்.

ஒரே தாளில் நல்ல இடைவெளி விட்டுப் பல தடவை ஒப்பமிடுங்கள். முதலில் வருபவை கவனமாகப் போட்டதாலேயே விறைப்பாக இருக்கும். கை தன்பாட்டில் ஓடத் தொடங்கிய பிறகு வருவதுதான் உங்கள் உண்மையான ஒப்பம், அதையே தெரிவுசெய்யுங்கள். அடையாள அட்டையிலும் வங்கியிலும் இருக்கிற அதே வடிவமாக அது இருக்க வேண்டும். படத்துக்கென்று புது வளைவும் சுழியும் சேர்க்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அது வேறொருவரின் கையெழுத்தாகவே தெரியும்.

படம் எடுப்பது

நண்பகல் வெயிலில் முற்றத்தில் வைத்து எடுத்தால் கையின் நிழலும் போனின் நிழலும் தாளில் அப்படியே விழும். இரவில் ரியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் வெள்ளைத் தாள் சாம்பலாகிவிடும். காலை நேரம், விறாந்தையின் ஓரம், வெயில் நேரே படாத வெளிச்சம். இதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. பிளாஷைப் போடாதீர்கள், ஜெல் மை மினுங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாளின் நாலு மூலைக்கும் பாரம் வையுங்கள். ஓரம் கொஞ்சம் எழும்பினாலும் அந்தப் பக்கம் ஒரு மெல்லிய நிழல் படிந்து, பிறகு போகவே போகாது.

போனைத் தாளுக்கு நேர் மேலே, மட்டமாகப் பிடியுங்கள். சரிவாகப் பிடித்தால் ஒப்பத்தின் ஒரு பக்கம் சிறுத்துப் போகும். எடுத்த படத்தைப் போனிலேயே திறந்து, எடிட்டில் பிரைட்னஸையும் கொன்ட்ராஸ்டையும் கூட்டுங்கள். தாள் முழுதும் வெளுத்து, கோடு மட்டும் கடுமையாக நிற்கும் வரை கூட்டலாம்.

கணினிக்கு அனுப்பும்போது ஒரு கவனம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, கோட்டின் ஓரங்களைக் கலக்கிவிடும். டொக்கியுமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது கேபிளில் மாற்றுங்கள்.

வேர்டுக்குள்

1. கடிதத்தைத் திறந்து, 'தங்கள் உண்மையுள்ள' என்ற வரிக்குக் கீழே கேர்சரை வையுங்கள். இன்சர்ட், பிக்சர்ஸ், திஸ் டிவைஸ் என்று போய்ப் படத்தைத் தெரிவுசெய்யுங்கள். படம் பக்கத்தை நிறைத்துக்கொண்டு வந்து நிற்கும். பயப்பட வேண்டாம்.

2. படத்தைக் கிளிக் செய்ததும் மேலே பிக்சர் ஃபோர்மட் என்ற பட்டி தோன்றும். பழைய வேர்டில் வெறும் ஃபோர்மட் என்றிருக்கும். அதில் குரொப்பை அழுத்தி, கறுப்பு மூலைகளை இழுத்து, ஒப்பத்தைச் சுற்றிச் சிறு வெள்ளை ஓரம் மட்டும் மிஞ்சும்படி வெட்டுங்கள்.

3. மூலையில் இருக்கும் வட்டப் புள்ளியைப் பிடித்து அளவைக் குறையுங்கள். நடுப் பக்கப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் ஒப்பம் நசுங்கும். அகலம் 4 முதல் 5 செ.மீ. இருந்தால் ஏ4 கடிதத்துக்கு இயல்பாக இருக்கும்.

4. இன்னும் சாம்பல் தெரிந்தால் கரெக்ஷன்ஸில் பிரைட்னஸ், கொன்ட்ராஸ்ட் கூடிய ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு படத்தைக் கட் செய்து, ஹோம் பட்டியில் பேஸ்டுக்குக் கீழே உள்ள பேஸ்ட் ஸ்பெஷல் மூலம் பிஎன்ஜி படமாகத் திரும்ப ஒட்டுங்கள். செய்த திருத்தமும் வெட்டும் படத்திலேயே பதிந்துவிடும்.

5. இப்போது கலர் என்பதற்குள் கடைசிப் பக்கமாக உள்ள செட் டிரான்ஸ்பரன்ட் கலரை அழுத்தி, ஒப்பத்தைச் சுற்றியுள்ள வெள்ளையில் ஒரு கிளிக். பின்புலம் மறைந்துவிடும்.

ஐந்தாவது படி பலருக்குச் சரிவராததன் காரணம் இதுதான்: அந்தக் கருவி ஒரேயொரு நிறத்தை மட்டுமே நீக்கும். நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் தாளில், கணினிக்கு நூறு வகைச் சாம்பல் தெரியும். ஒன்றை நீக்கினால் மற்றவை புள்ளி புள்ளியாக நிற்கும். காலை வெளிச்சத்தையும் போனில் வெளுக்க வைப்பதையும் அவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான்.

6. ராப் டெக்ஸ்டில் பிஹைன்ட் டெக்ஸ்டைத் தெரிவுசெய்யுங்கள். ஒப்பம் எழுத்துகளுக்குப் பின்னால் போகும், விரும்பிய இடத்துக்கு நகர்த்தலாம். டைப் செய்த பெயரின் மேல் கோடு கொஞ்சம் ஏறி நின்றால் கையால் போட்ட மாதிரியே இருக்கும். தாள் நன்றாக வெளுத்திருந்தால் ஐந்தாவது படியே தேவைப்படாது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைப் பெட்டி தெரியாது, எழுத்தையும் மறைக்காது. முத்திரைப் படம், நிறமுள்ள தலைப்புத் தாள் போன்றவற்றின் மேல் ஒப்பம் வரவேண்டும் என்றால் மட்டும் பின்புலத்தை நீக்கியே ஆகவேண்டும்.

பின்னால் அனுப்பிய படம் பிறகு கிளிக்குக்கு அகப்படாமல் போகலாம். ஹோம் பட்டியின் வலது ஓரத்தில் செலக்ட், அதற்குள் செலக்ட் ஒப்ஜெக்ட்ஸ். அதை அழுத்திவிட்டுக் கிளிக் செய்தால் அகப்படும்.

7. 'தங்கள் உண்மையுள்ள' என்ற வரியோடு அதற்கு முந்திய பந்தியையும் தெரிவுசெய்து, பராகிராஃப் பெட்டியின் லைன் அன்ட் பேஜ் பிரேக்ஸில் கீப் வித் நெக்ஸ்டை இடுங்கள். கடிதம் ஒரு பக்கத்திலும் ஒப்பம் மட்டும் தனியே அடுத்த பக்கத்திலும் போய் விழாது. தனித்து நிற்கும் ஒப்பப் பக்கத்தை யாரும் வேறு கடிதத்தோடு இணைத்துவிடலாம்.

அடுத்த தடவை ஒரே விசையில்

ஒப்பம், அதன் கீழே பெயர், பதவி, ஊர். இவ்வளவையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். முதலில் படத்தை ராப் டெக்ஸ்டில் இன் லைன் வித் டெக்ஸ்டுக்கு மாற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் தெரிவுசெய்து, இன்சர்ட், குயிக் பார்ட்ஸ், ஓட்டோ டெக்ஸ்ட், சேவ் செலக்ஷன் டு ஓட்டோ டெக்ஸ்ட் கேலரி என்று போங்கள். பெயர் கேட்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சிறு சுருக்கம் கொடுங்கள். இனி எந்தக் கடிதத்திலும் அந்தச் சுருக்கத்தை டைப் செய்து எஃப்3 விசையை அழுத்தினால் முழுத் தொகுதியும் வந்து நிற்கும். வேர்டை மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

இதை உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் செய்யுங்கள். கடைக் கணினியிலோ பலர் பாவிக்கும் அலுவலகக் கணினியிலோ செய்தால், நீங்கள் எழும்பிப் போன பிறகும் உங்கள் ஒப்பம் அங்கே இருக்கும். கடையில் வேலை முடித்தால் டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் ரீசைக்கிள் பின்னிலும் உள்ள படத்தை அழித்து, வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறிவிட்டே எழும்புங்கள்.

அனுப்பும் முன்

வேர்ட் பைலாக அனுப்பாதீர்கள். பெறுபவர் படத்தின் மேல் வலது கிளிக் செய்து சேவ் ஆஸ் பிக்சர் என்றால் உங்கள் ஒப்பம் அவர் கையில். வேர்ட் பைல் உண்மையில் ஒரு ஸிப் பொதி. பைல் பெயரின் கடைசியிலுள்ள டொக்எக்ஸை ஸிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே மீடியா என்ற கோப்புறையில் படம் அப்படியே கிடக்கும். குரொப்பில் வெட்டிய பகுதியும் அதில் இருக்கும், ஏனென்றால் குரொப் மறைக்கிறதே தவிர அழிப்பதில்லை. வங்கிப் படிவத்திலிருந்தோ அடையாள அட்டைப் பிரதியிலிருந்தோ ஒப்பத்தைப் படமெடுத்து வெட்டியிருந்தால், பக்கத்தில் இருந்த இலக்கமும் கூடவே போய்விடும். நாலாவது படியைச் செய்யாதவர்கள் பிக்சர் ஃபோர்மட் பட்டியில் கொம்ப்ரெஸ் பிக்சர்ஸுக்குள் டிலீட் குரொப்ட் ஏரியாஸ் என்பதற்குச் சரி அடையாளம் இட்டு ஓகே கொடுக்க மறக்க வேண்டாம்.

ஃபைல், சேவ் ஆஸ், பிடிஎஃப். இந்த வடிவில்தான் அனுப்ப வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாமினி எழுத்துருவில் டைப் செய்த கடிதத்தை வேர்ட் பைலாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப்பில் எழுத்துருவும் சேர்ந்தே போகும்.

பிடிஎஃப்பும் முழுக் காவல் அல்ல. திரையைப் படம் பிடித்து ஒப்பத்தை வெட்டி எடுக்கலாம். ஆகவே ஒப்பத்துக்குக் கீழே திகதியை எழுதுங்கள். எதற்கான கடிதம் என்பதையும் ஒரு சிறு வரியில், ஒப்பத்தின் கோட்டோடு முட்டும்படி வையுங்கள். வெட்டி எடுத்தாலும் அந்த எழுத்துகள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

சங்கங்களுக்கு ஒரு சொல். தலைவி மூதூரில், செயலாளர் பட்டணத்தில், பொருளாளர் கிண்ணியாவில் என்று இருக்கும்போது மூவரின் ஒப்பப் படங்களையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். வசதிதான், ஆனால் நான் உடன்படமாட்டேன். ஒருவரின் ஒப்பப் படத்தைக் கொடுப்பது வீட்டுத் திறப்பைக் கொடுப்பது போன்றது. கடிதத்தைப் பிடிஎஃப்பாக அவரவருக்கு அனுப்புங்கள். அக்ரொபேட் ரீடரில் ஃபில் அன்ட் சைன் என்றொரு வசதி இருக்கிறது. போனிலேயே அவரவர் கடிதத்தை வாசித்து, தம் ஒப்பத்தைத் தாமே வைத்துத் திருப்பி அனுப்பலாம்.

எங்கே செல்லும், எங்கே செல்லாது

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்தை ஏற்கிறது. ஆனால் காணி விற்பனை, அற்றோணித் தத்துவம் (நமக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), இறுதி விருப்பாவணம் ஆகியவை அதற்குள் வராது. அவற்றுக்கு நேரில் போய்ப் பேனையால்தான் ஒப்பமிட வேண்டும். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் அப்படித்தான், அவருடைய ஒப்பமும் றப்பர் முத்திரையும் தாளில் விழ வேண்டும். வங்கிக்கோ பணிமனைக்கோ அனுப்புமுன், படமாக வைத்த ஒப்பத்தை ஏற்பார்களா என்று ஒரு போன் எடுத்துக் கேளுங்கள்.

நாம் இங்கே செய்தது ஒப்பத்தின் படம் மட்டுமே. கடிதம் பிறகு திருத்தப்பட்டதா என்று அது காட்டாது. அதைக் காட்டுவது சான்றிதழோடு கூடிய டிஜிட்டல் கையொப்பம். வேர்டின் இன்சர்ட் பட்டியில் சிக்னேச்சர் லைன் என்று இருப்பது அதற்கானது. ஒப்பந்தங்களும் பெரிய கொடுக்கல் வாங்கல்களும் செய்பவர்கள் லங்காசைன் போன்ற சேவையிடம் சான்றிதழ் பெற்று அந்த வழியில் போவதுதான் முறை.

வேர்ட் இல்லாதவர்கள் லிப்ரெஒஃபிஸ் ரைட்டரில் இன்சர்ட், இமேஜ் என்று இதையே செய்யலாம். பின்புல நிறத்தை நீக்கும் கலர் ரீபிளேசர் ரைட்டரில் இல்லை, லிப்ரெஒஃபிஸ் டிராவின் டூல்ஸில் இருக்கிறது. கூகுள் டொக்ஸில் இன்சர்ட், டிராயிங், நியூ, பிறகு கோட்டுக் குறிக்குள் ஸ்கிரிபிள் என்று போய் விரலாலோ மவுஸாலோ வரையலாம். மவுஸில் வரைந்தது நடுக்கமாக வரும், வங்கியில் உள்ள ஒப்பத்தோடு பொருந்தாது. வளைந்து வளைந்து எழுதும் அலங்கார எழுத்துருவில் பெயரை டைப் செய்து ஒப்பமாக வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதே எழுத்துருவை வைத்திருக்கும் எவரும் அதே ஒப்பத்தை டைப் செய்துவிடலாம்.

பிடிஎஃப்பை அனுப்ப முன் உங்கள் போனில் ஒருமுறை திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் ஓரம் கலங்காமல், சுற்றிச் சாம்பல் இல்லாமல், திகதி சரியாக இருந்தால் அனுப்பலாம். ஒப்பமிட்ட அந்த ஏ4 தாளில் மிஞ்சியவற்றைக் கிழித்துப் போடுங்கள்.