முயல் என்ன சொல்கிறது? புதிதாக வளர்ப்பவர்களுக்கு

முயல் வீட்டுக்கு வந்த முதல் நாளே எல்லோரும் அதைத் தூக்கிக் கொஞ்சத்தான் பார்ப்பார்கள். தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் அதன் உடல்மொழி உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

படி 1: தரையில் உட்காருங்கள்

முயல் வேட்டையாடப்படும் பிராணி. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்துதான். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் நடப்பதும் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. அதனால் முகத்துக்கு நேராகக் கையை நீட்டாமல், பக்கவாட்டில் கொண்டுபோய் நெற்றியைத் தடவுங்கள். விடிகாலையும் அந்தி நேரமும் இதற்கு ஏற்றவை. அப்போதுதான் முயல் சுறுசுறுப்பாக இருக்கும்.

படி 2: காதுகொடுத்துக் கேளுங்கள்

ராத்திரி திடீரென்று "டொம்" என்று சத்தம் வரும். பின்னங்காலைத் தரையில் ஓங்கி அடிக்கிறது என்று அர்த்தம். வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பியக் காட்டு முயல். அது வளை தோண்டிக் கூட்டமாக வாழும். ஆபத்து வந்தால் இப்படித்தான் மற்றவற்றை எச்சரிக்கும். (நம் வயல்வெளியில் ஓடும் முயல் வேறு இனம். அது வளை தோண்டுவதில்லை, புல்லுக்குள் பதுங்கிக்கொள்ளும்.) எங்கள் வீட்டில் ஒரு நாள் விடாமல் தட்டியது. எழுந்து போய்ப் பார்த்தால் ஜன்னல் திண்டில் ஒரு பூனை. அன்றிலிருந்து அந்தச் சத்தத்தை நான் அலட்சியப்படுத்துவதே இல்லை.

நெற்றியைத் தடவும்போது பற்கள் மெல்ல உரசும். கன்னத்தில் விரல் வைத்தால் அந்த அதிர்வு தெரியும், அது சுகம். உடலைக் குறுக்கிக்கொண்டு பற்களைச் சத்தமாக நறநறவென்று கடித்தால் அது வலி.

படி 3: சந்தோஷத்தை அடையாளம் காணுங்கள்

ஓடிக்கொண்டே இருந்துவிட்டு அந்தரத்தில் துள்ளி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினால் அது குதூகலம். பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிப் படுத்தால் பயப்பட வேண்டாம், நிம்மதியாக இருக்கிறது. மேசைக் காலில் தாடையைத் தேய்ப்பது, "இது என்னுடையது" என்று தன் வாசனையைப் பூசுவது.

படி 4: தினமும் புழுக்கையைப் பாருங்கள்

இதுதான் மிக முக்கியம். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று, உருண்டையான காய்ந்த புழுக்கை. இன்னொன்று, திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று பளபளக்கும். இதைக் கீழே விழவிடாமல் குனிந்து வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். அருவருப்பாகத் தோன்றினாலும் தடுக்காதீர்கள். முதல் தடவை செரிக்காமல் போன சத்துகளை இப்படித்தான் மறுபடி எடுத்துக்கொள்கிறது.

குடல் ஓடிக்கொண்டே இருக்க நார்ச்சத்து வேண்டும். பற்களும் ஆயுள் முழுக்க வளர்வதால், தேய்வதற்குக் காய்ந்த புல் எப்போதும் இருக்க வேண்டும். கேரட் இனிப்பு, எப்போதாவது ஒரு துண்டு போதும். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

படி 5: வெயிலில் காதைத் தொட்டுப் பாருங்கள்

முயல் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அது திணறும். நம் சித்திரை வெயில் அதற்கு ஆபத்து. தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், சாய்ந்து படுத்துக்கொள்ளும். காது கொதித்து, வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் காதை ஈரத்துணியால் துடைத்தபடியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

படி 6: இப்போது தூக்கலாம்

காதைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பகுதிக்கு அடியில் இருக்க வேண்டும். உங்கள் மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். பின்பகுதி தொங்கினால் உதைக்கும், உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். இறக்கும்போதும் அவசரம் வேண்டாம். நாலு காலும் தரையில் பட்ட பிறகே கையை எடுங்கள்.