பஞ்சை அவிக்காதீர்கள்: விளக்குத் திரி செய்யத் தொடங்குபவர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் இருக்காது. கார்த்திகைக்கு முன் திரி உருட்டிப் பழகி, நான்கு காசு பார்க்கலாம் என்று தெருப் பெண்கள் வந்து உட்கார்வார்கள். சென்ற வாரம் வந்தவர்களில் ஒருத்தி புதிதாக மணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவள். இடுப்பில் ஓர் அலுமினியக் குண்டான். மூடியைத் திறந்தால் உள்ளே கஞ்சியில் ஊறிய கந்தல் போல ஏதோ கிடக்கிறது.

"அரைக் கிலோ பஞ்சு, அத்தை. சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் அவித்துவிட்டேன். இனி உருட்ட வேண்டியதுதானே?"

முகத்தில் அத்தனை பெருமை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் இதே காரியத்தை நானும் இதே முகத்தோடு செய்திருக்கிறேன். அந்தப் பெண்ணைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் அன்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஈர அகலில் எண்ணெய் ஊற்றுவது, திரியை நனைக்காமல் பற்றவைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை விளக்கே ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடும். யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் பிடிபடாத தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பஞ்சு அல்ல

பொம்மைக்கும் தலையணைக்கும் அடைக்கிற வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் பாலியஸ்டர். கையில் எடுத்தால் பருத்தியைவிட அழகாக இருக்கும். தூசி இருக்காது, கொட்டைத் தோல் இருக்காது. அந்த அழகில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பருத்தியோடு அதைக் கலந்து விற்பதும் உண்டு.

சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்துக் குறட்டில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வரும். மிஞ்சுவது தொட்டால் உதிரும் சாம்பல். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி ஓடும், உருகும், கறுப்புப் புகை விடும், ஆறியபின் கடுகு போலக் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு என்றால் சாம்பலுக்குள் அந்த மணி நெருடும். உருகிச் சொட்டுவது கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே விரலில் பிடித்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

எனக்குப் பிடித்தது எங்கள் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி. இழை குட்டை, கொஞ்சம் முரடு. மெல்லிய நூல் நூற்கும் ஆலைகள் அதை விரும்புவதில்லை. திரிக்கோ அந்த முரட்டுத்தனம்தான் பிடிமானம். கொட்டையோடு வாங்கினால் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள்: மூன்று கிலோ பருத்தி வாங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ பஞ்சுதான் தேறும். மற்றதெல்லாம் கொட்டை. அது மாட்டுக்குப் போகும், நஷ்டமில்லை.

இலவம் பஞ்சு

மெத்தைக்கு.

பஞ்சை அவிப்பது

இப்போது குண்டானுக்கு வருகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் இந்தத் தவறுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ராஜபாளையம், சத்திரப்பட்டி பக்கம் போனால் காயத்துக்குக் கட்டும் துணியும் மருத்துவப் பஞ்சும் செய்யும் தொழில் எங்கும் உண்டு. மருத்துவப் பஞ்சு செய்யும் ஆலைகளில் பஞ்சைக் காரம் போட்டுக் கொதிக்கவைத்து, வெளுத்து, அலசித்தான் எடுப்பார்கள். அவித்த பஞ்சு உறிஞ்சும், அவிக்காத பஞ்சு உறிஞ்சாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. வேண்டுமானால் ஒரு கிண்ணத் தண்ணீரில் பச்சைப் பஞ்சைப் போட்டுப் பாருங்கள். வாத்து போல மிதந்துகொண்டே இருக்கும். நல்ல மருத்துவப் பஞ்சு பத்து விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் விதி.

எல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் விளக்கில் நீங்கள் ஊற்றப்போவது தண்ணீரா?

பருத்தியின் ஒவ்வோர் இழை மீதும் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. தண்ணீரைத் தள்ளுவது அந்த மெழுகுதான். புண்ணின் நீரும் இரத்தமும் ஊற வேண்டும் என்பதால் மருத்துவப் பஞ்சிலிருந்து அதை அகற்றுகிறார்கள். எண்ணெய்க்கோ மெழுகு பகையில்லை, உறவு. பக்கத்திலேயே இன்னொரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதே பச்சைப் பஞ்சை வைத்துப் பாருங்கள். காத்திருந்தது போல இழுத்துக்கொள்ளும். இந்த இரண்டு கிண்ணச் சோதனையை யாராவது எனக்கு அன்றைக்கே காட்டியிருந்தால் ஊர் முன்னால் தலைகுனிந்திருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கார்த்திகைக்கு ஆயிரத்தெட்டு அகல் ஏற்றுவது என்று முடிவாயிற்று. திரி என் பொறுப்பு. என் முதல் பெரிய வேலை. எதையும் குறையாகச் செய்யக் கூடாது என்று ஒரு கிலோ கருங்கண்ணிப் பஞ்சை அண்டாவில் போட்டு, சலவைச் சோடாவைக் கை நிறைய அள்ளிப் போட்டு அவித்தேன். தண்ணீர் பழுப்பாகப் பிரிந்ததைப் பார்த்து, எத்தனை அழுக்கு என்று மகிழ்ந்துபோனேன். மூன்று முறை அலசினேன். அதன் பிறகு பிடித்தது அடைமழை. மொட்டைமாடிக்கும் கூடத்துக்கும் பஞ்சைச் சுமந்தே இரண்டு நாள் போயிற்று. கடைசியில் மின்விசிறிக்கு அடியில் பரப்பிக் காயவைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் பஞ்சு பஞ்சாக இல்லை, சடை பிடித்துக் கிடந்தது. அதைச் சிறிது சிறிதாகப் பிய்த்துப் பிரித்ததில் நகக்கண் எரிந்தது. திரி உருட்டினால் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் நூல். பரவாயில்லை, சுத்தமாகத்தானே செய்திருக்கிறோம் என்று தேற்றிக்கொண்டேன்.

மாலையில் ஏற்றினார்கள். முதலில் ஒரு விளக்கு சடசடத்தது. பிறகு பத்து. பிறகு கோயில் முற்றம் முழுவதும் கடுகு தாளிப்பது போல ஒரே சத்தம். எண்ணெய் தெறித்து ஒரு சிறுமியின் பாவாடையில் பட்டது. நல்லவேளை, தீ பிடிக்கவில்லை. விளக்கு அணைந்தது என்று சொல்லக் கூடாது, மலையேறியது என்றுதான் சொல்ல வேண்டும் என்பார் எங்கள் பாட்டி. அன்று அரை மணி நேரத்தில் முந்நூறு நானூறு விளக்குகள் கும்பலாக மலையேறின. ஒரு பெரியவர் இது என்ன சகுனமோ என்று ஆரம்பித்தார். நான் கருவறைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் செய்தது அதைவிட மோசம். நேராகச் செக்கு எண்ணெய்க் கடைக்குப் போய், எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டீர்கள் என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சத்தம் போட்டேன். அண்ணாச்சி பதில் பேசவில்லை. அதே தகரத்திலிருந்து எண்ணெய் எடுத்து ஓர் அகலில் ஊற்றினார். தம் கடைச் சாமி படத்துக்குப் போடும் திரியை அதில் போட்டு ஏற்றினார். சுடர் ஆடாமல் நின்றது. என் திரியை வாங்கி இன்னோர் அகலில் போட்டார். சடசட.

"தண்ணீர் எண்ணெயில் இல்லை, தாயி. உன் திரியில் இருக்கிறது."

இன்றும் அவரிடம்தான் எண்ணெய் வாங்குகிறேன். விலை பேசும் தைரியம் மட்டும் இதுவரை வரவில்லை.

அவர் சொன்னது சரிதான். மெழுகு போன பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் உலர்ந்தது போலத் தோன்றும். உள்ளே ஈரம் இருக்கும். ஈரம் இருக்கும் இடத்தில் எண்ணெய் ஏறாது. தீயின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி எண்ணெயைத் தெறிக்க வைக்கும். சோடா இன்னொரு வினை. மூன்று முறை அலசியும் போகாமல் மிஞ்சும் காரம் எண்ணெயிலுள்ள அமிலத்தோடு சேர்ந்தால் சோப்பாகும். எண்ணெய் ஏற வேண்டிய சந்தில் சோப்பு வழுவழுவென்று உட்கார்ந்துகொள்ளும். எரியாமல் மிஞ்சிய உப்போ நுனியில் பொருக்காகக் கட்டும். இழைகள் சடை பிடித்ததால் எண்ணெய்க்கு நேர்வழியும் இல்லை. ஒரு நாள் விறகும் மூன்று நாள் உழைப்பும் செலவழித்து, நன்றாக இருந்த பஞ்சை நானே கெடுத்திருக்கிறேன்.

திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை மீது ஏற்றுகிறார்களே மகா தீபம், அந்தக் கொப்பரையில் திரியாகப் போடுவது என்ன? காடாத் துணி. வெளுக்காத, சாயம் ஏற்றாத, தறியிலிருந்து இறங்கியபடியே இருக்கும் துணி. நெய்யைக் குடித்துக்கொண்டு மழையிலும் காற்றிலும் பதினொரு நாள் எரிகிறது. அதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டாம்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று குண்டான்காரியிடம் கேட்டேன். கைப்பேசியைக் காட்டினாள். வெளிநாட்டு இளைஞன் ஒருவன் பஞ்சை அவித்துக்கொண்டிருக்கிறான். பார்த்தால் அது விளக்குத் திரியே அல்ல. மின் சிகரெட்டுக்குள் வைக்கும் திரி! 2019 முதல் நம் நாட்டில் விற்பனைக்கே தடை உள்ள பொருள். அதில் ஊற்றுவது கிளிசரின் சேர்ந்த திரவம். தண்ணீரோடு கலக்கும் இனம். அதற்கு மெழுகு தடை என்பதால் அவன் அவிக்கிறான். அவன் வேலைக்கு அது பொருந்தும். நமக்கு என்ன வந்தது?

அப்படியானால் பஞ்சைத் தயார்செய்ய என்னதான் செய்ய வேண்டும்? வெயிலில் ஒரு மணி நேரம் காட்டுங்கள். கொட்டைத் தோலையும் இலைத் தூளையும் விரலால் பொறுக்குங்கள். மெல்லப் பிய்த்து, இழைகள் ஒரே திசையில் படியும்படி நீளமாக இழுத்துவிடுங்கள். அவ்வளவுதான். அவசரத்துக்கு மருந்துக்கடைப் பஞ்சிலும் திரி உருட்டலாம், எரியும். ஆனால் அது பெரும்பாலும் ஆலைக் கழிவின் குட்டை இழை. உருட்டும்போதே விரலில் பிய்ந்து வரும்.

கயிறு போல முறுக்குவது

இரும்புக் கம்பி போல நிற்கும் திரியைப் பார்த்தால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் மகிழ்ச்சி. எண்ணெய்க்கு மட்டும் இல்லை. இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் வழியாகத்தான் எண்ணெய் மேலே வருகிறது. இறுக்கினால் சந்து அடைபடும். எண்ணெய் வந்து சேராத நுனியில் பஞ்சே எரியத் தொடங்கும். அடிக்கடி தூண்டிவிட வேண்டிய திரியெல்லாம் இந்த வகைதான். எண்ணெய் சரியாக ஏறினால் தீக்கு உணவு எண்ணெய். பஞ்சு மெதுவாகத்தான் கருகும்.

தளர விட்டால் எண்ணெயில் ஊறிப் பிரிந்துவிடும். இதற்கு வழி நம் வீடுகளில் எப்போதும் உண்டு. ஒற்றைத் திரி போடக் கூடாது என்பார்களே, அதற்கு ஆயிரம் சாத்திரம் சொல்வார்கள். என் கைக்குத் தெரிந்த காரணம் வேறு. தளர உருட்டிய இரண்டு திரிகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இறுக்கவும் வேண்டாம், பிரியவும் பிரியாது.

பருமன்: அகலுக்குத் தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமன் போதும். தடித்த திரி எண்ணெயை வாரி இறைக்கும், அத்தனையும் எரியக் காற்று போதாது, மிஞ்சுவது உங்கள் சுவரில் கரியாகப் படியும்.

விபூதி

விரல் வழுக்காமல் இருக்க ஒரு தொடுதல். அள்ளிப் பூசினால் சாம்பல் எரியாது, நுனியில் தங்கும்.

வண்ணத் திரி

வேண்டாம்.

எல்லா எண்ணெய்க்கும் ஒரே திரி

விளக்கெண்ணெய் நல்லெண்ணெயைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிசுக்கு. குத்துவிளக்கில் நல்லெண்ணெய்க்கு அழகாக எரிந்த திரியை அப்படியே விளக்கெண்ணெயில் போட்டால் சுடர் சோர்ந்துவிடும். தளர்வாக முறுக்குங்கள், நுனியை எண்ணெய் மட்டத்துக்கு அருகே வையுங்கள், அல்லது பாதிக்குப் பாதி நல்லெண்ணெய் கலந்துகொள்ளுங்கள். நெய் விளக்குக்குப் பூத்திரி பொருத்தம். மார்கழிக் குளிரில் நெய் உறைந்து கிடக்கும்போது திரியை உருக்கிய நெய்யில் முன்பே தோய்த்துவைக்காவிட்டால், சுடர் தன் காலடி நெய்யை உருக்குவதற்குள் திரி கருகிவிடும்.

மழை நாளில் பொட்டலம் கட்டுவது

பருத்திக்குக் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் குணம் உண்டு. உலர்ந்தது என்று நாம் நினைக்கும் பஞ்சிலும் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு தண்ணீர்தான். கார்த்திகை மழையில் உருட்டி, உடனே நெகிழிப் பையில் போட்டு ஒட்டினால் அந்த ஈரமும் உள்ளே சிறைப்படும். விற்றது பூசணம் பிடித்துத் திரும்பி வரும். வெயில் முகம் தெரியும் வரை பையின் வாயைத் திறந்தே வையுங்கள். வெயிலே வராவிட்டால், சமைத்து முடித்த அடுப்பு மேடையில், தீ அணைந்த பிறகு, ஒரு முறத்தில் பரப்பி வைக்கலாம். தீ அணைந்த பிறகு என்பதை இரண்டு முறை படியுங்கள்.

அந்தக் குண்டான் இன்னும் எங்கள் மொட்டைமாடியில்தான் இருக்கிறது. நேற்று வெயில் அடித்ததால் பஞ்சு ஒருவாறு காய்ந்துவிட்டது. எதிர்வீட்டு மதினி அடைகாக்கும் கோழிக்கு மெத்தையாகக் கேட்டிருக்கிறார். கொடுத்துவிடலாமா என்று குண்டான்காரியிடம் கேட்டேன்; இன்னும் ஒரு முறை அலசிப் பார்க்கட்டுமா, அத்தை, என்கிறாள்.