நீல அச்சில் உடலைப் பதிப்போர் தவிர்க்க வேண்டியவை

சென்ற மாதம் சென்னையில் ஒரு மொட்டைமாடிப் பட்டறையில், பால்புதுமையரான (குயர்) இளைஞர்கள் சிலர், ரசாயனம் பூசிய தாளை வெயிலில் வைத்து நீல அச்சு எடுக்கும் சயனோடைப் முறையில் தம் உடலையும் இலைதழைகளையும் தாளில் பதித்துக்கொண்டிருந்தார்கள். நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். கையுறை அணியாதது போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தாளின் உறையை நம்புவது

மார்பு அறுவைச் சிகிச்சை முடிந்த ஆறாம் மாதத்தில் 14 தாள்களில் என் உடலைப் பதித்தேன். பொருளைத் தாள்மீது நேரடியாக வைத்து எடுக்கும் இந்த நிழலச்சில் தழும்பு விழாது, வெளிக்கோடு மட்டுமே விழும். ஆகவே பத்து நிமிடம் வெயிலில் குப்புறப் படுத்திருந்து, பின் எழுந்து, தழும்புகள் இருக்கும் இடத்தில் வேப்பங்கொத்துகளை வைத்து மேலும் நான்கு நிமிடம் காய விட்டேன். உடல் இளநீலமாகவும் வேப்பிலை வெள்ளையாகவும் வந்தன.

ஓராண்டுக்குள் நீலம் பழுப்பேறி மங்கியது. ‘காயம் ஆறுவதுபோல் படமும் கரைகிறது’ என்று நண்பர்கள் வியந்தார்கள். நானும் சில நாள் அதை நம்பித் தொலைத்தேன் என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. உண்மையில் படத்தைத் தின்றது சுண்ணாம்பு. ‘அமிலமற்றது, நெடுநாள் கெடாது’ என்று உறையில் அச்சிட்டு விற்கப்படும் பல தாள்களில், அமிலத்தை முறிப்பதற்காகக் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். அது காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்டது. சயனோடைப்பின் நீல நிறமியான பிரஷ்யன் நீலமோ காரம் பட்டால் சிதைந்துவிடும். போதாக்குறைக்கு, வாளியில் உப்புப் படியும் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் அலசினேன். வெளிச்சத்தில் வெளுத்த நீலத்தை இருட்டில் வைத்தால் ஓரளவு மீளும். காரத்தில் சிதைந்தது அவ்வாறு மீளாது. ஒரு மாத வாடகைப் பணம் போயிற்று.

எனவே கார்பனேட் சேர்க்காத தாளைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து அலசி உலர்த்திய பிறகே ரசாயனம் பூசுங்கள். முதல் அலசலில் சிறிது வினிகர் சேருங்கள். சட்டமிடும்போது படத்தின் பின்னால் வைக்கும் அட்டையிலும் கார்பனேட் உண்டா என்று விசாரியுங்கள்.

முதன்முதலில் நாம்தான் என்று எண்ணுவது

அமெரிக்க ஓவியர்களான ராபர்ட் ராஷன்பெர்க்கும் சூசன் வெய்லும் 1950 வாக்கிலேயே, இதே நீல அச்சு முறையைச் சேர்ந்த புளூபிரிண்ட் தாளில் உடலைக் கிடத்திப் பதித்துவிட்டார்கள்.

சிகிச்சைக்கு மாற்றாகக் கருதுவது

மனநல ஆலோசகரிடம் செல்வதை நிறுத்தாதீர்கள்.

ஒரு சம்மதத்தை இரண்டாக எண்ணுவது

தாளில் படுக்கச் சம்மதித்தவர், அது சுவரில் தொங்கவும் சம்மதித்துவிட்டதாகப் பொருளில்லை. வீட்டாருக்குத் தன்னைப் பற்றி இன்னும் சொல்லாதவருக்கு, இடுப்பு வளைவும் கை வளையலுமே அடையாளம் காட்டப் போதும். என் தோழி ஒருத்தி கண்காட்சிக்கு முந்தைய இரவு வேண்டாம் என்றாள். அவளுடைய அச்சு என் அலமாரியில் சுருட்டியபடியே இருக்கிறது. பாழாய்ப்போன அந்தத் தொகுதியில் நீலம் மாறாதது அது ஒன்றுதான், ஏனெனில் தாள் தீர்ந்துபோய் அவளை மட்டும் பழைய பருத்திச் சேலைத் துண்டில் பதித்திருந்தேன், மழைநீரில் அலசியிருந்தேன்.