மின் மலைச் சைக்கிள்: செயினும் பிரேக்கும் தேயும் முன் கவனிக்க வேண்டியவை

சாதாரண மலைச் சைக்கிளின் எடை 13, 14 கிலோ. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் பெரும்பாலும் 22 முதல் 25 கிலோ ஆகிவிடும். மிதிகட்டை அச்சில் பொருத்தப்படும் போஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோ இபி8 போன்ற மோட்டார்கள் 85 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவிசை தருகின்றன. அந்த விசையும் உங்கள் கால் விசையும் சேர்ந்து ஒரு மெல்லிய செயின் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. இறக்கத்தில் அத்தனை எடையையும் பிடித்து நிறுத்துவது நான்கு சிறிய பிரேக் பேடுகள். மோட்டார் பெட்டிக்குள் நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை, திறக்கவும் கூடாது. நம் கை படவேண்டிய இடங்கள் செயின், பிரேக், பேட்டரி.

எந்த வேலைக்கும் முன் சுவிட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். துடைக்கும்போது தெரியாமல் ஒரு பட்டன் அழுந்தி மோட்டார் சுழன்றால், செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே விரல் மாட்டிக்கொள்ளும்.

செயின்

ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் பழைய பருத்தித் துணியால் செயினைப் பிடித்து, மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுற்றித் துடையுங்கள். பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம், செயினின் உள்பக்கத்தில் உருளைகள் மேல் எண்ணெய் விடுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வேலை செய்வது உருளைக்குள் போன எண்ணெய்தான். வெளியே தங்குவது மண்ணைச் சேர்த்து, உப்புத்தாள்போல உலோகத்தைத் தேய்க்கும். ஸ்ப்ரே எண்ணெய் வேண்டாம். அதன் சாரல் பிரேக் டிஸ்க்கில் படிந்தால் அந்தப் பக்கப் பேடுகள் வீணாகிவிடும்.

செயின் நீள்வது உலோகம் இழுபடுவதால் அல்ல. கண்ணிகளின் பின்கள் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் சிறு இடைவெளி விழுகிறது. புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மி.மீ. 11, 12 கியர் அமைப்பில் அது 0.5 சதவீதம் கூடி 306.3 மி.மீ. ஆனதும் செயினை மாற்றிவிடுங்கள். 9, 10 கியருக்கு 0.75 சதவீதம் வரை விடலாம். ஒன்றரை மி.மீ. வித்தியாசத்தை ஸ்கேலில் பார்ப்பது கஷ்டம், விலை குறைந்த செயின் அளவி ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இல்லாத சைக்கிளைவிட இதில் செயின் வேகமாகத் தேயும் என்பதால் மாதம் ஒருமுறையாவது அளக்க வேண்டும். தள்ளிப்போட்டால் தேய்ந்த செயின் பின்பக்கப் பல்சக்கரக் கட்டையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். அப்புறம் புதுச் செயின் போட்டாலும், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது அது பல்லைத் தாண்டிக் குதிக்கும், கால் வழுக்கும். பல்சக்கரக் கட்டின் விலையோ செயினைப்போலப் பல மடங்கு.

செயினின் ஆயுள் பாதி உங்கள் மிதிப்பில் இருக்கிறது. கியர் மாற்றும் அந்த அரைச் சுற்றுக்குக் காலின் அழுத்தத்தைக் குறையுங்கள். மோட்டாரின் முழு உதவியில் அழுத்தி மிதித்தபடியே கியரைத் தட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், செயின் அறுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். நிற்பதற்கு முன்பே எளிய கியருக்கு வந்துவிடுங்கள். நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று மிதித்தால் மோட்டாரும் சூடாகாது, பேட்டரியும் நீடிக்கும்.

பிரேக்

ஷிமானோ பேடில் உராய்வுப் பகுதி 0.5 மி.மீ. ஆனதும் மாற்ற வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறும், உள்ளிருக்கும் பிஸ்டன்களும் அளவுக்கு மீறி வெளியே வரும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், ஷிமானோவில் 1.5 மி.மீ. செங்குத்தான பாதைகளுக்கும் மழைக்கும் உலோகப் பேடுகள் நல்லவை, வெப்பத்தைத் தாங்கும். ஆனால் சில டிஸ்க்குகளில் ரெசின் (பிசின் வகை) பேட் மட்டுமே போடலாம் என்று எழுதியிருக்கும், அவற்றில் உலோகப் பேட் போடக் கூடாது.

புதுப் பேட் போட்டதும் மலைக்குப் போய்விடாதீர்கள். சமதளத்தில் மிதமான வேகம் எடுத்து, நடக்கும் வேகத்துக்கு வரும்வரை உறுதியாகப் பிடித்து, சக்கரம் பூட்டிக்கொள்வதற்கு முன் விடுங்கள். இப்படி 20 முறை, பிறகு இன்னும் கொஞ்சம் வேகத்தில் 10 முறை. பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிந்தால்தான் முழுப் பிடிமானம் கிடைக்கும்.

லீவர் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்றை வெளியேற்றும்போது எண்ணெய் வகையில் தவறு நேரக் கூடாது. ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் பிரேக்குகளில் பலவற்றுக்கு டாட் திரவம் (கார் பிரேக்கில் ஊற்றும் வகை). ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுப் பிரேக்கே போய்விடும். எது என்பது லீவரின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும், பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றிய நிலையில் லீவரைப் பிடிக்கவே கூடாது.

டயரும் போல்ட்டும்

ட்யூப் இல்லாத டயரில், ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து 22 முதல் 28 பி.எஸ்.ஐ. போதும், பின்சக்கரத்துக்கு இரண்டு கூடுதல். உள்ளே ஊற்றிய, ஓட்டையை அடைக்கும் பால்போன்ற திரவம் வெயில் நாடுகளில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், குலுக்கிப் பாருங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), பொறித்திருக்கும் அளவுக்கே முறுக்குங்கள். ஹேண்டில் பகுதியில் அது பெரும்பாலும் 5, 6 நியூட்டன் மீட்டர்தான்.

பேட்டரி

சார்ஜ் ஏற்ற 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை சரி. உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் இருப்பவர்கள் குளிர்காலத்தில் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் ஏற்ற வேண்டும். நம் ஊர்ப் பக்கம் ஆபத்து வெயில்: மூடிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள், ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜரை மாட்டாதீர்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கும்போது 30 முதல் 60 சதவீதம் சார்ஜோடு, குளுமையான உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

அதனுடன் வந்த சார்ஜரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். படுக்கையறையிலோ வாசலை அடைக்கும் இடத்திலோ, எல்லோரும் தூங்கும் நேரத்திலோ ஏற்றாதீர்கள். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் வெளியேற நேரம் மிகக் குறைவு. கீழே விழுந்து நசுங்கிய, உப்பிய, வாடை வரும் பேட்டரியைச் சார்ஜே செய்யாமல், வீட்டுக்கு வெளியே வைத்து விற்பனையாளரிடம் சொல்லுங்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட் மணிக்கு மேற்பட்ட பேட்டரியைக் கொண்டுபோக முடியாது. இந்தச் சைக்கிள்களில் இருப்பது 500, 750 வாட் மணி.

எவ்வளவு ஏற முடியும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே 272 வாட் மணி வேண்டும். மண்ணின் உராய்வும் மோட்டாரின் இழப்பும் அதற்கு மேல், உங்கள் கால் தரும் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். 20 சதவீதத்தை எப்போதும் கையிருப்பாக வையுங்கள்.

கழுவும்போது பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அது பேரிங் சீல்களைத் தாண்டித் தண்ணீரை உள்ளே செலுத்தும். வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். பேட்டரி முனைகளைக் கடைசியில் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஓட்டும்போது

நிற்கும்போது பிரேக்கைப் பிடித்தே இருங்கள். முழு உதவியில் மிதிகட்டை மேல் கால் பட்டாலே வண்டி முன்னே பாயும். செங்குத்தான ஏற்றத்தில் சீட்டின் முனைக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்துங்கள், இல்லையென்றால் முன்சக்கரம் எழும்பும். இறக்கத்தில் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வராமல், திருப்பத்துக்கு முன் அழுத்திப் பிடித்து விடுங்கள். விட்ட இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். எடை கூடுதல் என்பதால் பழைய சைக்கிளில் பிடித்த இடத்துக்குச் சற்று முன்பே பிடிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் மோட்டார் உதவி 25 கி.மீ. வேகத்தில் நின்றுவிடும். இந்தியாவிலும் 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் குறைவானவற்றுக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு. வேகத்தடையை நீக்கும் கருவி போட்டால் அந்த விலக்கு போய்விடும், உத்தரவாதமும் போகும்.

வழியில் மோட்டார் உதவி நின்றால், பதறாமல் முதலில் பின்சக்கர ஸ்போக்கில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். பல மாடல்களில் வேகத்தை அளப்பது அதுதான். ஒரு குச்சி தட்டினால்கூட நகர்ந்துவிடும், போஷில் 503 என்ற எண் தோன்றும். சென்சாரிலிருந்து 5 முதல் 15 மி.மீ. தூரத்தில், நேர் எதிரே திருப்பிவையுங்கள். ஷிமானோ திரையில் டபிள்யூ013 வந்தால், சுவிட்சைப் போட்டபோது கால் மிதிகட்டை மேல் இருந்திருக்கிறது. அணைத்து, காலை எடுத்துவிட்டு, மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் உதவியை அணைத்துவிட்டு எளிய கியரில் மிதித்தே கீழே இறங்கிவிடுங்கள். பையில் உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்றும் செயின் கருவியும் இருக்கட்டும், 25 கிலோவைத் தள்ளிக்கொண்டு நடப்பதற்கு அவற்றின் சுமை ஒன்றுமே இல்லை.